வண்டி நின்னா டெம்பரேச்சர் முள்ளு ஏறுது, ஓடினா இறங்குது, ஹீட்டரும் வரல: முதல்ல எதைப் பார்க்கணும்?

கேள்வி: திருவொற்றியூர் லோடு

2.5 லிட்டர் டீசல் பிக்கப், ஏசி உண்டு, 1.4 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. மணலிக்கும் காசிமேட்டுக்கும் நடுவுலதான் ஓட்டம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் வரிசையில 20 நிமிஷம் மாட்டினா டெம்பரேச்சர் முள்ளு முக்காலைத் தாண்டுது. நகர்ந்து 40ல போனா பாதிக்கு வந்துடுது. வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணி குறையுது, தரையில சொட்டு இல்ல. போன வாரம் கோத்தகிரி லோடு. அங்க ஹீட்டர் போட்டா பச்சைக் காத்துதான் வருது. ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (சூடானதும் தண்ணியை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுற வால்வு) கழட்டிப் போட்டுடலாம்ன்றாரு, இன்னொருத்தர் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) போச்சுன்றாரு. செலவு பண்றதுக்கு முன்ன நானே என்ன பார்க்கலாம்ணா?

பதில்: பழைய பம்ப்

நின்னா ஏறி ஓடினா இறங்குதுன்னா ரேடியேட்டருக்குக் காத்து பத்தலன்னு அர்த்தம். தண்ணி ஓட்டம் அடைச்சிருந்தா தலைகீழா இருக்கும்: லோடோட 70, 80ல போறப்பதான் ஏறும். அதனால முதல்ல ஃபேன் கிளட்ச், அதாவது சூடேறினா ஃபேனை என்ஜினோட சேர்த்து வேகமா சுத்த வைக்கிற பாகம்.

என்ஜின் நல்லா சூடானதும் ஆஃப் பண்ணி, சாவியை எடுத்துட்டு, ஃபேனைக் கையால ஒரு தட்டு தட்டுங்க. நல்ல கிளட்ச் இழுத்துப் பிடிக்கும், ஒரு சுத்துக்குள்ள நின்னுடும். நாலஞ்சு சுத்து லேசா சுத்தினா உள்ள இருக்கிற சிலிக்கான் ஆயில் போயிடுச்சு. கிளட்ச் நடுவுல எண்ணெய்ப் பிசுக்குல தூசி அப்பியிருந்தா அதுவே சாட்சி. ரெக்கை நுனியைப் பிடிச்சு முன்ன பின்ன ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா பேரிங்கும் போச்சு.

அடுத்து டார்ச் அடிச்சு ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்ன இருக்கிற ஏசியோட வலை) ரேடியேட்டருக்கும் நடுவுல பாருங்க. உங்க ரூட்ல கரித்தூளும் உப்புக் காத்தும் சேர்ந்து அங்க கம்பளி மாதிரி படியும். வெளியில இருந்து பார்த்தா பளிச்னு இருக்கும், ஏமாந்துடாதீங்க. என்ஜின் பக்கத்துல இருந்து முன்பக்கமா சாதாரண ஹோஸ்ல தண்ணி விடுங்க. வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்ட வெச்சு அடிச்சா ஃபின் (ரேடியேட்டரோட மெல்லிய தகடு) மடங்கிடும். உப்புல அரிச்ச ஃபின்னா இருந்தா உதிர்ந்தே போயிடும். விரல் பட்டாலே மாவா கொட்டினா கழுவிப் பிரயோஜனம் இல்ல, ரேடியேட்டர் மாத்தணும்.

தெர்மோஸ்டாட்டை மட்டும் கழட்டிப் போட விடாதீங்க. சில என்ஜின்ல சூடானதும் பைபாஸ் வழியை மூடுறதே அதோட அடித்தட்டுதான். அது இல்லன்னா பாதி வெந்நீர் ரேடியேட்டர் பக்கமே போகாம திரும்ப என்ஜினுக்கே போகும், சூடு இன்னும் ஏறும். மத்த என்ஜின்ல மைலேஜ் குறையும், ஹீட்டர் என்னைக்கும் சூடாகாது. சந்தேகம்னா பாத்திரத்துல தண்ணி கொதிக்க வெச்சு, தெர்மோஸ்டாட்டை அடியில படாம நூல்ல தொங்கவிடுங்க. மேல 82ன்னு அடிச்சிருந்தா 82 டிகிரி பக்கம் திறக்க ஆரம்பிச்சு, 95 பக்கம் முழுசா திறக்கணும். திரும்ப மாட்டறப்ப அதுல ஆடுற குட்டி பின் மேல பார்க்கணும், காத்து வெளியேறுற வழி அதுதான்.

பதில்: ராயபுரம் ஒயரிங்

ஹீட்டருக்கு வரேன். என்ஜின்ல இருந்து கேபினுக்குள்ள போற ரெண்டு சின்ன ஹோஸைக் கண்டுபிடிங்க. சில வண்டியில ரெண்டையும் ஒரு துண்டு பைப் வெச்சு சேர்த்திருப்பாங்க. ‘மெட்ராஸ்ல எதுக்கு ஹீட்டர்’னு பழைய ஓனரோ மெக்கானிக்கோ பண்ற வேலை. அப்படி இருந்தா ஹீட்டர் விஷயம் அங்கேயே முடிஞ்சுது, ஹீட்டர் கோர் (கேபினுக்குள்ள இருக்கிற குட்டி ரேடியேட்டர்) ஓட்டையா இருந்ததாலதான் சேர்த்தாங்களான்னு மட்டும் கேளுங்க.

சேர்க்கலன்னா, வண்டி சூடானதும் ஹீட்டரைத் திறந்து வெச்சு ரெண்டையும் தொடுங்க. ரெண்டும் சூடு, காத்து மட்டும் குளிர்னா டேஷ்போர்டு உள்ள காத்தைத் திருப்புற ஃபிளாப்போட கேபிள் கழண்டிருக்கு. ஒண்ணு சூடு, ஒண்ணு வெதுவெதுப்புன்னா கோர் அடைப்பு, இல்லன்னா வால்வு திறக்கல. ரெண்டுமே வெதுவெதுப்புன்னா தண்ணி குறைவு இல்லன்னா ஏர் லாக் (தண்ணி வழியில காத்து மாட்டியிருக்கு). உங்களுக்குத் தண்ணி குறையறதால என் ஓட்டு இதுக்குத்தான். காலையில ஸ்டார்ட் பண்றப்ப டேஷ்போர்டு உள்ள களக் களக்னு சத்தம் வந்தா உறுதி.

சொட்டு இல்லாம எங்க போகுதுன்னா, முதல் சந்தேகம் ரேடியேட்டர் மூடி. என்ஜின் முழுசா ஆறின அப்புறம் மட்டும் திறங்க. ரப்பர்ல வெடிப்பு, நடு வால்வுல துரு இருந்தா மாத்துங்க. பழைய மூடியில அழுத்த அளவு 0.9ன்னு இருந்தா 0.9தான், கூட வாங்காதீங்க. மூடி அழுத்தம் பிடிக்கலன்னா சூட்டுல தண்ணி ரிசர்வ் டேங்க்குக்குத் தள்ளி, அங்க இருந்து ஓவர்ஃப்ளோ ட்யூப்ல வெளிய போயிடும். ரோட்டுல போறப்பவே காஞ்சிடும், சொட்டு எங்க தெரியப் போகுது? அதோட ஹோஸ் கிளிப் ஓரமும், வாட்டர் பம்ப் அடியில இருக்கிற சின்ன ஓட்டையும் பாருங்க, வெள்ளையாவோ பச்சையாவோ உப்புத் தடம் இருக்கும். கிளீனர் பக்கம் கால்மிதி ஈரமா இனிப்பு வாசனை அடிச்சா ஹீட்டர் கோர் ஒழுகுது.

பதில்: பழைய பம்ப்

ஹெட் கேஸ்கெட்னு முடிவு கட்டறதுக்கு முன்ன: ஆறின என்ஜின், மூடி திறந்து, கழுத்து வரைக்கும் தண்ணி, ஸ்டார்ட். முதல்ல நாலு குமிழி வர்றது சகஜம். நிக்காம வந்துக்கிட்டே இருந்தா, ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினா சந்தேகப்படலாம். மூடி போட்டு ஸ்டார்ட் பண்ண ரெண்டு நிமிஷத்துல, இன்னும் சூடே ஏறாதப்ப, மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினாலும் அதேதான். சந்தேகம் தீரலன்னா லீக் டெஸ்ட் திரவம் வெச்சிருக்கிற ஒர்க்‌ஷாப்ல பாருங்க. டீசல் வண்டியில அந்தத் திரவம் நீலத்துல இருந்து பச்சையா மாறினா என்ஜின் எரிஞ்ச கேஸ் தண்ணியில கலக்குது. அதுக்கு அப்புறம் ஹெட்டைத் திறக்கலாம்.

பதில்: கொருக்குப்பேட்டை கூலண்ட்

வாரா வாரம் அரை லிட்டர் எந்தத் தண்ணி ஊத்தறீங்க? நம்ம பக்கத்து போர் தண்ணின்னா ரேடியேட்டரும் ஹீட்டர் கோரும் அடைக்கிறதுல ஆச்சரியமே இல்ல. அதுல இருக்கிற உப்பு அலுமினியத்தையும் அரிக்கும். கேன் தண்ணியும் வேணாம், பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் போதும்.

ஃப்ளஷ் (பழைய தண்ணியைக் கழுவி வெளியேத்துறது) பண்ணா ஒரு கணக்கு கவனம். மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர்னா, ரேடியேட்டரைத் திறந்துவிட்டாலும் பிளாக்குல கொஞ்சம் தண்ணி நிக்கும். அதனால முதல்ல 4 லிட்டர் கூலண்ட் கான்சன்ட்ரேட் (தண்ணி கலக்காதது) ஊத்திட்டு மீதிக்கு டிஸ்டில்டு வாட்டர் விடுங்க, பாதிப் பாதி சரியா வரும். கேன்ல ரெடி மிக்ஸ்னு போட்டிருந்தா அதுல தண்ணி ஏற்கனவே கலந்திருக்கு, மேல தண்ணி சேர்க்காதீங்க.

காத்து எடுக்க, வண்டி மூக்கு மேல இருக்கிற மாதிரி சரிவுல நிறுத்தி, மூடி திறந்து, ஹீட்டரை ஃபுல் ஹாட்ல வெச்சு ஐடில்ல விடுங்க. மேல் ஹோஸைத் துணி சுத்தி அப்பப்ப அமுக்குங்க. தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டுனு இறங்கும், அப்ப நிரப்பி மூடுங்க. மறுநாள் காலையில ரிசர்வ் டேங்க்கைத் திரும்பப் பாருங்க, இன்னும் கொஞ்சம் கேட்கும்.

கேள்வி: திருவொற்றியூர் லோடு

மூடி ரப்பர் ரெண்டா வெடிச்சிருக்கு. ஃபேனைத் தட்டினா ஆறு சுத்து. ஹோஸ் ரெண்டும் வெதுவெதுப்பு, குமிழி இல்ல. ஃபேன் கிளட்ச் வர ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் ஓட்டலாமா?

பதில்: பழைய பம்ப்

மூடியை இன்னைக்கே மாத்திட்டு, தண்ணி நிரப்பி, காத்து எடுத்துட்டு ஓட்டுங்க. வரிசையில நிக்கறப்ப ஏசி வேணாம். முள்ளு முக்காலைத் தொட்டா ஹீட்டரை ஃபுல்லா திறந்து, நியூட்ரல்ல 1500 ஆர்பிஎம் வையுங்க. கேபின் வேகும், ஆனா என்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும். அப்பவும் ஹீட்டர்ல குளிர்காத்து வந்தா உள்ள தண்ணி இல்லன்னு அர்த்தம், உடனே ஆஃப் பண்ணிடுங்க.