கலைச்சொல்: வாசற்கதவில் மாட்டும் பூவளையம் – ‘படலைவளையம்’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கிரேக்கத்து மே தின வழக்கம் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கும்போது எழுந்த கேள்வி இது. மே 1 அன்று அங்கே வெளியூர்ப்பக்கம் போய்க் காட்டுப்பூக்களைப் பறித்து வளையமாகக் கட்டி, வாசற்கதவில் மாட்டுகிறார்கள். கண்ணேறு படாதிருக்க நடுவே பூண்டும் செருகுவதுண்டு. ஜூன் 24 புனித யோவான் திருநாளுக்குள் அது சருகாகிவிடும். திருநாளை ஒட்டித் தெருவில் மூட்டும் தீயில் அதைப் போட்டு, தீயைத் தாண்டிக் குதிப்பார்கள். இந்த வளையத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. நண்பர்கள் கேட்டவற்றை மேற்கோளாக வைத்து, கீழே என் பதிலைத் தருகிறேன்.

> மலர்வளையம் என்ற சொல் இருக்கிறதே, புதிது எதற்கு?

சொல்லில் பிழை இல்லை, பழகிய இடம்தான் இடிக்கிறது. “உடலுக்கு மலர்வளையம் வைத்து அஞ்சலி” என்று நாளிதழில் படித்துப் படித்து ஊறிப்போனவர்கள் நாம். ‘வாசலில் மலர்வளையம் மாட்டினார்கள்’ என்று எழுதினால், அந்த வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

> கிரேக்கரும் இழவுக்கும் மே தினத்துக்கும் ‘ஸ்தெஃபானி’ என்று ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறார்கள்?

ஆம். ஆனால் மணமக்கள் தலையில் சூட்டும் முடிகளுக்கும் அங்கே அதே வேரிலிருந்து ‘ஸ்தெஃபானா’ என்று பெயர். நல்லதிலும் கெட்டதிலும் காதில் விழும் சொல் அது. நம் மலர்வளையத்துக்குக் கல்யாண வீட்டில் இடமே இல்லை.

> வாயிற்கண்ணி?

எனக்கும் ஆசைதான். கண்ணி தலையில் சூடுவது, வட்டமானது. சோழனுக்கு ஆத்திக் கண்ணி. ஆனால் இன்றைக்குக் கண்ணி என்றால் பறவை பிடிக்கும் பொறி. ஈழத்து நண்பர்களுக்கோ கண்ணிவெடி. வாசலோடு சேர்த்து அந்தச் சொல்லை அவர்களிடம் நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

தோரணம், நிலைமாலை இரண்டும் வேண்டாம். குறுக்கே கட்டித் தொங்கவிடுவதற்கு அவை ஏற்கெனவே பெயர்.

என் பரிந்துரை படலைவளையம். படலை என்றால் பச்சிலையும் பூவும் கலந்து கட்டிய மாலை. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் ஒருவன் ‘பல்பூ மிடைந்த படலைக் கண்ணி’ சூடியிருக்கிறான். அரசனுக்குரிய ஒற்றைப் பூ அடையாளம் இல்லை அது. மேய்ச்சல் வெளியில் கைக்கு எட்டிய பூவையெல்லாம் சேர்த்துக் கட்டியது. மே மாதத்துக் கிரேக்க வயல்வெளியில் டெய்சி, சீமைச்சாமந்தி, கோதுமைக் கதிர் என்று கிடைத்ததைக் கட்டும் வளையத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

> யாழ்ப்பாணத்தில படலை எண்டால் கேற். குழம்பாதோ?

குழம்பாது என்றே நினைக்கிறேன். படலை உங்களுக்கு வெளிவாசல் கதவு என்பதால், உங்கள் காதில் அது ‘படலையில் மாட்டும் வளையம்’ என்று விழும். அப்படிப் புரிந்துகொண்டாலும் பொருள் கெடவில்லையே! இரு கரையிலும் வேறுவேறு வழியாக ஒரே பொருளுக்கு வந்து சேரும் சொல் எளிதில் அமையாது.

இனி, செய்முறைச் சொற்கள். அடியில் இருக்கும் வட்டச் சட்டத்துக்குப் ‘பிரிமணை’ என்றே எழுதலாம். பானை உருளாமல் இருக்க வைக்கோல் பிரியைச் சுற்றிச் செய்வோமே, அதே வடிவம். கவாத்தில் விழுந்த திராட்சைக்கொடியை ஊறவைத்து வளைத்தாலும், கம்பியை வளைத்தாலும் பிரிமணைதான்.

வினைச்சொல்லில் கவனம் வேண்டும். ‘தொடுத்தல்’ என்றால் நாரில் முடிச்சுப் போடுவது மனதில் வரும். இங்கே வேலை வேறு. நாலைந்து காம்புகளைச் சேர்த்துப் பிரிமணைமேல் சாய்த்து, மெல்லிய கம்பியால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். அடுத்த பிடியின் பூத்தலை முந்தைய பிடியின் காம்பை மூடும்படி, ஒரே திசையில் வட்டம் முடியும்வரை போகிறார்கள். கூரை வேய்வதும் இப்படித்தான். ‘வேய்தல்’ என்றால் பூச்சூடுவதும் ஆகும் என்பதால், ‘படலைவளையம் வேய்தல்’ என்று எழுதிவிட்டேன். பாப்பி மலரை மட்டும் கடைசியில் செருகச் சொல்ல வேண்டும். இதழ் சீக்கிரம் உதிர்ந்துவிடும்.

அந்தச் சிறு பிடிக்குத்தான் இன்னும் பெயர் முடிவாகவில்லை. ‘கொத்து’ என்றால் கிளையில் இயல்பாகப் பூத்ததுபோல் இருக்கிறது. ‘செண்டு’ என்றால் கையில் ஏந்துவது நினைவுக்கு வருகிறது. பூக்கட்டும் குடும்பங்களில் இதற்கு வழக்குச்சொல் இருக்கும். தெரிந்தவர்கள் எழுதுங்கள், அதையே வைத்துக்கொள்வோம்.