எந்த நாட்டுச் சம்பளத்தில் கையில் மிஞ்சும்? ஒப்பிடுவது எப்படி?

கேள்வி:
ஒரே வேலைக்கு ஜெர்மனி, அமீரகம், சிங்கப்பூர் என மூன்று இடங்களிலிருந்து சம்பளம் சொல்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் சம்பாத்தியம்தான், பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகள். டாலருக்கு மாற்றினால் அமீரகம் முதலில் வருகிறது. நாட்டுக்கு நாடு உள்ள விலை வித்தியாசத்தைச் சேர்த்துப் பார்க்கும் வாங்கும் திறன் சமநிலைக் கணக்கில், அதாவது பிபிபியில், வரிசை மாறிவிடுகிறது. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் 1:
இரண்டுமே சம்பளத்தின் ஒரு பகுதிக்குத்தான் பொருந்தும். அங்கேயே செலவாகும் பணத்துக்கு அந்த ஊர் விலைதான் அளவுகோல். மிச்சம் பிடித்து வெளியே அனுப்பும் பணத்துக்குச் சந்தை மாற்று விகிதம் மட்டும்தான். முழுச் சம்பளத்தையும் ஒரே விகிதத்தில் மாற்றும்போதுதான் கணக்கு தப்புகிறது. தவிர, பிபிபி ஒரு நாட்டின் மொத்தப் பொருளாதாரத்துக்கான சராசரி. அரசுச் செலவும் கட்டுமானமும்கூட அதில் சேரும். பெருநகரத்தில் வாடகை கொடுக்கும் குடும்பத்துக்கு அது ஒத்துவராது.

முதலில் பிடித்தம் போகக் கைக்கு வருவதைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து வாடகை, பள்ளி, மருத்துவம், அன்றாடச் செலவு எல்லாவற்றையும் அந்த நாட்டுப் பணத்திலேயே கழியுங்கள். மிஞ்சுவதை மட்டும் கடைசியில் மாற்றுங்கள். எளிமைக்காக எல்லாம் ஒரே நாணயம் என்று வைப்போம்: ஓரிடத்தில் கைக்கு 5,000 வந்து 4,100 செலவானால் மிச்சம் 900. இன்னோரிடத்தில் 4,200 வந்து 2,900 செலவானால் 1,300. சம்பளம் 16% குறைவு, சேமிப்போ 44% அதிகம்.

பதில் 2:
குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வரியைவிடப் பள்ளிக் கட்டணம்தான் வரிசையை மாற்றும்.

அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் வெளிநாட்டவர் பிள்ளைகள் பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். பணிக்கொடை அதன் மேல்தான் கணக்கிடப்படும்: முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். படிகளை ஏற்றி அடிப்படையைக் குறைத்திருந்தால், மாதச் சம்பளம் அதேதான், கிளம்பும்போது கிடைப்பது சுருங்கிவிடும். துபாயில் வாடகையைச் சில காசோலைகளாக முன்கூட்டியே கேட்பார்கள். வந்த உடனே பெரிய தொகை தேவைப்படும்.

ஜெர்மனியில் சமூகக் காப்பீட்டுக்கு மட்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போகும், வருமான வரி தனி. அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. சட்டப்பூர்வ மருத்துவக் காப்பீட்டில் வருமானமில்லாத துணைவரும் பிள்ளைகளும் கூடுதல் சந்தா இல்லாமல் சேர்ந்துகொள்ளலாம். கைச்சம்பளத்தை இணையக் கணிப்பானில் பார்க்கும்போது, தனி ஆளுக்கான வரி வகுப்பு 1 என்று போடாதீர்கள். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் தம்பதிக்கு வகுப்பு 3, மாதாமாதம் கைக்கு வருவது நன்றாகவே கூடும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் ‘கால்ட்மீட்ட’ வெறும் இடத்துக்கான வாடகைதான். வெப்பமூட்டல், பராமரிப்பு அதற்கு மேல். மின்சாரம் பெரும்பாலும் தனிக் கணக்கு.

சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டவருக்கு சிபிஎஃப் என்ற கட்டாயச் சேமிப்பு நிதிக்கான பிடித்தம் கிடையாது. அதனால் சம்பளம் பெரிதாகத் தெரியும். நிறுவனத்தின் பங்கும் வராது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். குடும்பத்தைச் சார்ந்தோர் அனுமதியில் அழைத்துவர நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் வேண்டும். துணைவர் வேலை பார்க்க நினைத்தால் பொதுவாகத் தனி அனுமதி எடுக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் வெளிநாட்டவருக்குக் கட்டணமும் அதிகம், இடமும் உறுதியில்லை.

பதில் 3:
மேலே சொன்ன மிச்சக் கணக்கோடு ஒரு திருத்தம். ஜெர்மனியில் ஓய்வூதியச் சந்தா 18.6%, பாதி உங்களுடையது. அது முழுக்கச் செலவு அல்ல, தள்ளிப்போட்ட சம்பளம். ஆனால் 60 மாதம் கட்டினால்தான் உரிமை உண்டாகும்; ஜெர்மனியோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாட்டில் கட்டிய காலத்தையும் சேர்ப்பார்கள். எத்தனை ஆண்டு தங்கப்போகிறீர்கள் என்று தெரியாமல் கணக்கில் இந்தத் தொகையை நிரப்ப முடியாது.

முதல் ஆண்டை வைத்தும் ஏமாறக் கூடாது. உதாரணத்துக்கு, ஜப்பானில் குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு வருமானத்தின் மேல் ஏறத்தாழ 10%, ஆகவே புதிதாக வந்தவருக்கு அடுத்த ஆண்டு ஜூனில்தான் பிடித்தம் தொடங்கும்.

கேள்வி கேட்டவர்:
நிறுவனமே பள்ளிக் கட்டணம் தருவதாகச் சொன்னால்?

பதில் 2:
எத்தனை பிள்ளைகளுக்கு, ஆண்டுக்கு உச்சவரம்பு எவ்வளவு, பள்ளிக்கு நேரடியாகக் கட்டுவார்களா அல்லது ரசீது காட்டித் திரும்ப வாங்க வேண்டுமா, ஆண்டு நடுவில் விலகினால் திருப்பிக் கேட்பார்களா: நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.