முழு ஊரடங்கிலும் தொற்று ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

கோவைவாசி – 19 மே 2021

மே 10ஆம் தேதி முழு ஊரடங்கு தொடங்கியபோது தமிழ்நாட்டின் ஒருநாள் கொரோனா தொற்று ஏறத்தாழ 29,000 ஆக இருந்தது. இன்று மாலை வந்த அறிக்கையில் அது 35,000ஐ நெருங்கிவிட்டது. முகக்கவசம், இடைவெளி, கைகழுவுதல் ஆகிய மூன்றையும் கேள்விப்படாதவர் இனி ஒருவரும் இருக்க முடியாது. யாரைத் தொலைபேசியில் அழைத்தாலும் மணி அடிப்பதற்கு முன்பே அந்த அறிவுரை காதில் விழுகிறது. மளிகைக் கடைகள் காலை 10 மணிக்கே மூடப்படுகின்றன, பேருந்துகள் ஓடவில்லை, மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இணையவழி இ-பதிவு வேண்டும் என்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் எண்ணிக்கை இறங்காமல் இருப்பதற்கு என்ன காரணம்? "மக்கள் ஒத்துழைக்கவில்லை" என்ற விடையை நாள்தோறும் தொலைக்காட்சியில் கேட்டுச் சலித்துவிட்டேன். நோய் பரவும் விதத்தை அறிந்தவர்கள் சற்று விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் – 19 மே 2021

ஐயா, மாலை அறிக்கையில் வரும் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு வாரம் பழையது என்று வைத்துக்கொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். கிருமி உடலில் புகுந்து காய்ச்சலாக வெளிப்படச் சராசரியாக ஐந்து நாள் ஆகிறது. சிலருக்குப் பதினான்கு நாள் வரைகூட நீள்கிறது. காய்ச்சல் கண்டவுடன் யாரும் பரிசோதனைக்கு ஓடுவதில்லை. முதல் இரண்டு நாள் கஷாயத்திலும் பாராசிட்டமாலிலும் கழிகிறது, பிறகு சளி மாதிரி கொடுக்கிறார்கள், கூட்டம் மிகுந்த இடங்களில் அந்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனையின் முடிவு வர மேலும் இரண்டு மூன்று நாள் ஆகிறது, அதன் பிறகே அது மாவட்டக் கணக்கில் ஏறி உங்கள் கண்ணில் படுகிறது. ஆகவே இன்று பதிவாகியுள்ளவர்களில் பெரும்பாலோர் ஊரடங்குக்கு முன்போ அது தொடங்கிய ஓரிரு நாட்களிலோ தொற்றுக்கு ஆளானவர்கள்.

அந்த நாட்களில் என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 10ஆம் தேதி முதல் ஊரடங்கு என்று அறிவித்துவிட்டு, மக்கள் பொருள் வாங்கிக்கொள்ளட்டும் என்று 8, 9 தேதிகளில் எல்லாக் கடைகளையும் இரவு 9 மணி வரை திறந்து வைக்க அனுமதித்தார்கள். ஜவுளிக் கடையிலும் மதுக்கடையிலும் நின்ற கூட்டத்தைப் படங்களில் எல்லோரும் பார்த்தோம். சென்ற ஆண்டு ஏப்ரல் 25 அன்று, மறுநாள் தொடங்கவிருந்த நான்கு நாள் முழு அடைப்பை முன்னிட்டுக் கோயம்பேடு சந்தையில் அலைமோதிய கூட்டத்தையும், அடுத்த சில நாட்களில் அந்தச் சந்தையிலிருந்து பல மாவட்டங்களுக்குத் தொற்று போய்ச் சேர்ந்ததையும், மே 5 அன்று சந்தையையே மூட நேர்ந்ததையும் கண்ட பிறகும் இதே முறையில் அறிவிப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்று உண்டு. ஊரடங்கு தெருவை மூடும். வீட்டுக்குள் நடப்பதை அது தடுக்காது. 9ஆம் தேதி கடைவீதியில் தொற்றிக்கொண்டவர் 14ஆம் தேதி மனைவிக்கும் மகனுக்கும் கொடுத்திருப்பார். அவர்கள் இந்த வாரக் கடைசியில்தான் கணக்கில் வருவார்கள். இந்த வீட்டுச் சுற்று முடியும் வரை ஏற்றம் நிற்காது.

மாநிலத்தின் மொத்தத்தை மட்டும் பார்ப்பதும் நம்மைக் குழப்புகிறது. சென்னை சென்ற வாரம் ஒரே நாளில் 7,000ஐத் தாண்டி, இப்போது 6,000ஐ ஒட்டி இறங்கிக்கொண்டிருக்கிறது. அலை அங்கே முன்னதாக எழுந்தது, முன்னதாகத் தணிகிறது. உங்கள் கோவையும் திருப்பூரும் ஈரோடும் இன்னும் ஏறுமுகத்தில் உள்ளன. இரண்டையும் கூட்டினால் சென்னையின் இறக்கம் மறைந்துபோகிறது.

தாமிரபரணிக்கரை – 20 மே 2021

மேலே எழுதியவர் மக்களை எளிதாக விடுவித்துவிட்டார் என்று எண்ணுகிறேன். ஏப்ரல் 6 தேர்தலுக்கு முந்தைய கூட்டங்களுக்கு மேடையிலிருந்தவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. கீழே நின்றவர்களில் எத்தனை பேர் முகக்கவசம் அணிந்திருந்தார்கள்? முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய் அபராதம் என்பதால் அதைக் காவலருக்காகக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறவர்களே மிகுதி. ஜனவரி 16 முதல் தடுப்பூசி போடப்படுகிறது. மார்ச் மாதத்தில் ஊசி போடும் இடங்கள் ஈயாடின, நோய் போய்விட்டது என்று நம்மவர்கள் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். இன்று அதே ஊசிக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்கிறார்கள். தெரிந்தும் செய்யாததற்கு அலட்சியம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

மருத்துவமனைச் செவிலி – 21 மே 2021

அலட்சியம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அலட்சியமே இல்லாத வீடுகளிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டிருப்பதை நாள்தோறும் பார்க்கிறேன். 2003இல் பரவிய சார்ஸ் நோயில், உடல் நலிந்து படுத்த பிறகே ஒருவர் பெரும்பாலும் பிறருக்குப் பரப்பினார். காய்ச்சல் உள்ளவரைப் பிரித்து வைத்தே அதை உலக அளவில் ஏறத்தாழ 8,000 பேரோடு நிறுத்திவிட முடிந்தது. கொரோனாவில் அறிகுறி தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் பரப்பத் தொடங்குகிறார். தம்மிடம் நோய் இருப்பதை அறியாத ஒருவரிடம் எவ்வளவு ஒழுக்கத்தை எதிர்பார்த்தாலும், தம் வீட்டில் உணவு மேசையில் அவர் முகக்கவசம் அணிந்திருக்கப் போவதில்லை. இப்போது பரவும் பி.1.617 என்னும் உருமாறிய வகை முந்தையதைவிட எளிதில் தொற்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் அதைக் கவலைக்குரிய வகையென்று மே 10 அன்றுதான் அறிவித்தது. சென்ற ஆண்டு ஒரு வீட்டில் ஒருவர் வந்தார், இந்த ஆண்டு குடும்பமாக வருகிறார்கள்.

அடுத்து, தெரிந்ததைச் செய்ய இடம் வேண்டாமா? "தனி அறையில், தனிக் கழிப்பறையுடன் இருங்கள்" என்று நோயாளியிடம் சொல்லும்போது, ஒரே அறையும் சமையல் மூலையும் உள்ள வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்பதை அவர் எங்களிடம் சொல்லக் கூசுகிறார். வார்டு அளவில் பராமரிப்பு மையங்கள் இருக்கின்றன என்று எடுத்துச் சொல்லி அனுப்பினால்தான் போகிறார்கள்.

ரெம்டெசிவிர் கதையையும் சொல்லியாக வேண்டும். அந்த மருந்து உயிரைக் காக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லையென்று உலக சுகாதார நிறுவனம் சென்ற நவம்பரிலேயே கூறிவிட்டது. ஆயினும் மருத்துவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதை வாங்கச் சென்னையில் கீழ்ப்பாக்கத்திலும் பின்னர் நேரு விளையாட்டரங்கிலும் உறவினர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். மருந்தை நேரடியாக மருத்துவமனைகளுக்கே அனுப்புவது என்ற முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. வரிசையில் நின்றவர்களில் பலர் வீட்டில் நோயாளியுடன் இருந்துவிட்டு வந்தவர்கள். அவர்களை அலட்சியக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, நாம் சொல்லிக்கொடுத்த மூன்று விதிகளே முழுமையானவை அல்ல. கைகழுவச் சொன்ன அளவுக்குச் சன்னலைத் திறக்கச் சொல்லவில்லை. ஒன்றிய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் நேற்று வெளியிட்ட அறிவுரையில்தான், பெரிய நீர்த்துளிகள் இரண்டு மீட்டருக்குள் விழுந்துவிட்டாலும் நுண்துளிகள் காற்றில் பத்து மீட்டர் வரை செல்லலாம் என்றும், காற்றோட்டம் இன்றியமையாதது என்றும் இவ்வளவு தெளிவாகக் கூறியிருக்கிறார்கள். இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு நாற்காலி போட்டு, கதவைச் சாத்திக் குளிர்சாதனத்தை ஓடவிட்ட அலுவலகங்களெல்லாம் விதியைக் கடைப்பிடித்ததாகவே நம்பியிருந்தன.

கோவைவாசி – 23 மே 2021

மூவருக்கும் நன்றி. நாளை முதல் தளர்வுகளற்ற ஊரடங்கு என்று அறிவித்து, நேற்றும் இன்றும் மறுபடி எல்லாக் கடைகளையும் திறந்துவிட்டிருக்கிறார்கள்; வெளியூர்ப் பேருந்துகளும் ஓடுகின்றன. சுகாதார ஆய்வாளர் ஐயா சொன்ன கணக்குப்படி ஜூன் முதல் வாரத்தில் இன்னொரு ஏற்றம் வருமா?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் – 12 ஜூன் 2021

நீங்கள் கேட்டபோது வரும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மே 21 அன்று 36,184 என்ற உச்சத்தைத் தொட்ட எண்ணிக்கை, இடையில் துள்ளாமல் இறங்கி இப்போது 15,000ஐ ஒட்டி நிற்கிறது. அந்த இரண்டு நாள் கூட்டத்தால் கேடு இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இறக்கத்தை அது எவ்வளவு தாமதப்படுத்தியது என்பதை மொத்த எண்ணிக்கையிலிருந்து பிரித்துக் காண இயலாது.

தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் தொடர்பறியும் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்டு, சென்ற ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று இங்கே துணைசெய்யும். ஏறத்தாழ 85,000 தொற்றாளர்களையும் அவர்களுடன் தொடர்பிலிருந்த 5,75,000 பேரையும் பற்றிய பதிவுகள் அவை. பத்தில் ஏழு தொற்றாளர்களின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று கண்டறியப்படவில்லை. மிகச் சிலரிடமிருந்தே பலருக்குப் போயிருக்கிறது. அந்தச் சிலர் எங்கே, எவ்வளவு நேரம், எத்தனை பேருடன் இருந்தார்கள் என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது. வெயிலில் காய்கறி வண்டியருகே சில நிமிடம் நிற்கும் நெரிசல் நம் கண்ணை உறுத்துகிறது. மூடிய மண்டபத்தில் நான்கு மணி நேரம் நடக்கும் ஐம்பது பேர் திருமணம் யார் கண்ணிலும் படுவதில்லை. ஊரடங்கு மண்டபங்களையும் அலுவலகங்களையும் நீண்ட பேருந்துப் பயணங்களையும் நிறுத்தியதால்தான், தாமதமாகவேனும், பலன் தந்தது என்பது என் கருத்து.

உங்கள் கோவை உட்பட மேற்கு, காவிரி டெல்டா மாவட்டங்கள் பதினொன்றில் மட்டும் 14ஆம் தேதிக்குப் பிறகும் கூடுதல் கட்டுப்பாடு தொடர்கிறது. ஆலைகளும் பின்னலாடைக் கூடங்களும் திறக்கும்போது, இயந்திரங்களுக்கிடையே விடும் இடைவெளியைவிட, தொழிலாளர்கள் பத்துப் பேராகப் படுத்துறங்கும் விடுதி அறைகளுக்குச் சன்னல் இருக்கிறதா என்பதைத்தான் அதிகாரிகள் முதலில் பார்க்க வேண்டும்.