புராஸ்டேட் மாத்திரை, 'அந்த' மாத்திரை: சாப்பிடுறவங்க அனுபவம் சொல்லுங்க

கொங்குக்காரன்
டாம்சுலோசின் 0.4 ராத்திரிக்கு ஒன்னு. தூக்கத்துல ஒன்னுக்கு எந்திரிக்கிறது குறைஞ்சுதுங்க. அந்த விஷயமும் சரியில்லீங்கன்னு யூராலஜி டாக்டர்கிட்ட மெல்லச் சொன்னேன். டடாலஃபில் 5 எம்ஜி தெனமும் போடுங்க, ரெண்டுக்கும் கேட்கும்னு எழுதிக் குடுத்தாரு. மெடிக்கல்ல பையன் சீட்டைப் பார்த்தான், என் நரைச்ச மீசையைப் பார்த்தான். அட்டையைப் பழுப்புக் கவர்ல போட்டு, மடிச்சு, ஸ்டேப்ளர் அடிச்சுக் குடுத்தான். பக்கத்துல நின்ன அம்மாவுக்குப் பாராசிட்டமாலை வெறும் கையிலதான் குடுத்தான். மூத்திரத்துக்குத்தான் தம்பின்னு சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரல.

பழைய போஸ்ட்மேன்
எங்க மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கண் டாக்டர் எடுத்த எடுப்புல, "ஒன்னுக்குப் போறதுக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா பெரியவரே?" மாமா திருதிருன்னு முழிக்கிறார். நான் பையைத் துழாவி டாம்சுலோசின் அட்டையை எடுத்து நீட்டினேன். இதைச் சாப்பிட்டா கண் பாப்பா சரியா விரியாதாம், அதைச் சுத்தியிருக்கிற கருவிழித் திரை ஆபரேஷன் நடக்கும்போதே தொளதொளன்னு ஆடுமாம். மாத்திரையை நிறுத்தினாலும் அந்தத் தன்மை போறதில்லையாம். எழுதிக் கொடுத்த ஆள் இதைப் பத்தி மூச்சு விடல.

டெல்டா ரவி
கொங்கு அண்ணே, இதுல கூச்சம் எதுக்கு? டடாலஃபிலைப் புராஸ்டேட் வீக்கத்துக்கும் குடுக்கலாம்னு அமெரிக்காவுல 2011லயே அனுமதிச்சாச்சு. என் கதை சின்னது: புராஸ்டேட்டைச் சுருக்குற டூட்டாஸ்டிரைடு போட்டேன், ஆசையே அத்துப்போச்சு, டாக்டர் மாத்திட்டார். இப்ப முக்கியமானதைக் கேளுங்க. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட் எடுக்கிறவங்க டடாலஃபிலைத் தொடவே கூடாது. பிரஷர் அதலபாதாளத்துக்குப் போயிடும். டடாலஃபில் போடுறவங்களுக்கு நெஞ்சுவலி வந்தா, கடைசி மாத்திரை போட்டு 48 மணி நேரமாவது ஆகாம சார்பிட்ரேட் வைக்கக் கூடாது. வலின்னு ஆஸ்பத்திரிக்கு ஓடினா, பக்கத்துல மருமகளே நின்னாலும் இதைச் சாப்பிடுறேன்னு முதல்ல சொல்லிடுங்க. டாம்சுலோசினும் சேர்ந்தா படுக்கையை விட்டுப் பொசுக்குனு எந்திரிக்காதீங்க, தலை சுத்தும். டூட்டாஸ்டிரைடு ஆறு மாசம் போனா பிஎஸ்ஏ, அதான் புராஸ்டேட்டுக்குப் பார்க்கிற ரத்த டெஸ்ட், ஏறக்குறைய பாதியாக் காட்டும். ரிப்போர்ட்ல 2னு இருந்தா நல்லாயிருக்குன்னு குதிக்காதீங்க, அது 4க்குச் சமம். அப்புறம் இந்தத் தூக்கம் வர்ற சளி மாத்திரை, அதுல ஒன்னுக்கே அடைச்சு டியூப் போட்டவங்க உண்டு.

கொங்குக்காரன்
ரவி, நான் அட்வைஸ் கேக்கலீங்க. டாக்டர் என்னென்ன மாத்திரை போடுறீங்கன்னு விசாரிச்சு, ஈசிஜி பார்த்துட்டுத்தான் எழுதினாரு. கூச்சப்பட்டது நானுமில்ல, கவர் போட்டவன்தான்.

மணப்பாறை ஆள்
இங்க யாரும் சிலோடோசின் பேச்சையே எடுக்கலையே. 8 எம்ஜி. ஒன்னுக்கு பைப்பு திறந்த மாதிரி வருது, குறையே இல்ல. ஆனா வீட்டுல அன்னிக்கு எல்லாம் முடிஞ்சும் ஒரு சொட்டு வரல. என் சம்சாரம் லைட்டைப் போட்டு, "என்னங்க ஆச்சு உங்களுக்கு?"ன்னா. விடியிற வரை ரெண்டு பேரும் தூங்கல. டாக்டர்கிட்ட போனா, "அது ஒன்னும் பண்ணாது, மாத்திரையை விட்டா பழையபடி வந்துரும்"னார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்னேன். "சொன்னா ஒருத்தரும் வாங்க மாட்டேங்கிறாங்களே"ன்னார்.