பட்டு நுண்ணூசி ஒட்டு அம்மாவின் கால் புண்ணுக்கு உதவுமா?

மன்னவனூர் மகள்:
வணக்கம். என் அம்மா பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஐந்து மாதமாக அவருடைய இடது பாதத்தில் ஒரு புண் ஆறவில்லை. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் மின்சாரம் தடைபட்டால், குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் மருந்து கெட்டுவிடுமோ என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. பட்டுப் புரதத்தால் செய்த நுண்ணூசி ஒட்டு, அதாவது மிகச் சிறிய ஊசிகளோடு தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டை, மருந்தை நாள்கணக்கில் சிறுகச் சிறுகச் செலுத்தும் என்று படித்தேன். மலைக்குக் கீழே சமவெளியில் ஒரு மருத்துவமனையினர் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய உயிரணு) ஒட்டு வைத்தால் புண் ஆறும் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார்கள். கட்டலாமா?

கோத்தகிரி ஆய்வு மாணவன்:
கட்டிவிடாதீர்கள் அக்கா. பட்டு ஒட்டு உண்மையான ஆய்வுதான். பட்டுக்கூட்டின் செரிசின் பசையைச் சோடியம் கார்பனேட் கலந்த கொதிநீரில் நீக்கி, எஞ்சும் ஃபைப்ரோயின் புரதத்தை லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசலில் கரைத்து, அந்த உப்பைப் பிரித்தெடுத்த பிறகே மருந்தைக் கலந்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஊசிகளாக அச்சில் வார்க்கிறார்கள். கொதிப்பு முன்பே முடிந்துவிடுவதால் மருந்து சூடுபடுவதில்லை என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. வார்த்த ஊசியை நீராவியில் வைத்தால் புரதச் சங்கிலிகள் நெருங்கிப் படிகமாகும். படிகம் கூடக்கூட மருந்து மெதுவாக வெளியேறும். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2012-இல், பட்டில் பொதிந்த தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி 45 டிகிரி வெப்பத்தில் ஆறு மாதம் இருந்தும் வீரியத்தைப் பெருமளவு இழக்கவில்லை என்று காட்டினார்கள்.

ஆனால் இத்தனை சிறிய ஊசியில் கொஞ்சம் மருந்துதான் அடங்கும். தடுப்பூசிக்கு அது போதும். உணவுக்கேற்ப அளவை மாற்ற வேண்டிய இன்சுலினுக்கு எளிதில் பொருந்தாது. ஸ்டெம் செல்லோ உயிருள்ளது. ஊசியோடு சேர்த்து உலர்த்தினால் இறந்துவிடும். அதனால்தான் ஈரக்கூழுக்குள் அதை உயிரோடு வைப்பது, அல்லது அது சுரக்கும் பொருள்களை மட்டும் எடுத்து ஒட்டில் சேர்ப்பது என்ற இரு வழிகளிலும், பெரும்பாலும் விலங்குகளிடம், சோதனை நடக்கிறது.

பண்ணைக்காடு செவிலியர்:
மகளே, திறந்த இன்சுலின் குப்பி வெயில் படாமல் 25 டிகிரிக்குக் கீழே இருந்தால் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். உங்கள் ஊரில் நான் அஞ்சுவது மார்கழி, தை உறைபனிக்குத்தான். ஒருமுறை உறைந்த இன்சுலினை உருக்கிப் போடவே கூடாது. அம்மாவின் காலில் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா, எலும்பு வரை கிருமி இறங்கியிருக்கிறதா என்று இந்த வாரமே அரசு மருத்துவமனையில் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பாதத்தில் எடை விழாமல் காப்பது எந்த ஒட்டையும்விட முக்கியம்.

மன்னவனூர் மகள்:
நன்றி அம்மா. நாளையே கொடைக்கானலுக்கு அழைத்துப் போகிறேன். அந்த மருத்துவமனையினர், இது ஆய்வுச் சிகிச்சை என்று சொன்னால் என்ன கேட்பது, தம்பி?

கோத்தகிரி ஆய்வு மாணவன்:
இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்குள்ள பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையான ஆய்வில் சோதனைச் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது.