போத்து வைத்தால் துளிர்க்கிறது, வேர் பிடிப்பதில்லை: பழைய வீட்டுச் செடிகளை மாடிக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: மாடிச்செடி, திருவொற்றியூர்

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் என் பெற்றோர் வாழ்ந்த வீடு வரும் தை மாதத்தில் இடிக்கப்பட இருக்கிறது. அதன் கிணற்றடியில் அடுக்கு நந்தியாவட்டை, ஒற்றைச் செம்பருத்தி, செவ்வரளி, மருதாணி ஆகியவையும், வாசல் மதிலை ஒட்டி ஒரு காகிதப்பூவும் நிற்கின்றன. அம்மா நாள்தோறும் பூசைக்குப் பூப்பறித்த செடிகள் என்பதால், புதிதாக வாங்கிக்கொள்ளலாமே என்று உறவினர்கள் சொல்வதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இந்தச் செடிகளின் கிளைகளே என் மாடியில் வேர்விட்டு வளர வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான் படித்த தோட்டக்கலை நூல்களில், குளிர்காலத்தில் இலை உதிர்ந்து உறங்கும் செடியிலிருந்து முதிர்ந்த தண்டுகளை வெட்டி, மண்ணில் புதைத்துவிட்டு வசந்தம் வரை காத்திருக்கும்படி எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்ச் செடிகளோ ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கின்றன. கோடையில் போத்தாக, அதாவது வேர்பிடிக்க வெட்டி நட்டு வைத்த தண்டுகள் சில வாரங்களில் பளபளவென்று துளிர்த்தன. பின்பு அப்படியே கருகின. பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேர்கூட இல்லை. எந்தத் தண்டை, எப்போது, எதில் நட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் நாவில் வைத்தாலே உப்புக் கரிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: போத்துக்காரர், மாதவரம்

வணக்கம். முதலில் துளிரைப் பற்றித் தெளிவுபடுத்திக்கொள்வோம். முதிர்ந்த தண்டினுள் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. வெப்பம் கிடைத்தவுடன் கணுவில் உள்ள மொட்டு விழித்து, அந்தச் சேமிப்பையும் தண்டில் மிஞ்சியிருக்கும் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு இலையாக விரிகிறது. விரிந்த இலை நீரை ஆவியாக வெளியேற்றத் தொடங்கும். ஈடுசெய்ய வேர் இல்லாத நிலையில், கைம்முதல் தீர்ந்த நாளில் அது கருகிப்போகிறது. ஆகவே துளிரை வேர் பிடித்ததற்கான அடையாளமாக ஒருபோதும் கொள்ளாதீர்கள். குளிர்நாடுகளில் மேலே மொட்டு உறங்கும் காலத்தில், காற்றைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும் மண்ணுக்குள் அடிவெட்டு ஆறி, வேருக்கு அடித்தளமான திசு உருவாகிவிடுகிறது. நமக்கு அந்த உறக்கம் கிடைப்பதில்லை என்பதால், துளிர் முந்திக்கொண்டாலும் வாடாதிருக்கும்படி நிழலையும் காற்றின் ஈரத்தையும் நாமே அமைத்துத்தர வேண்டும். நூல்களில் உள்ள முறையை நம் ஊருக்கு மாற்றிக்கொள்வது என்பது முக்கியமாக இதுதான்.

அதற்கு வடகிழக்குப் பருவமழைக் காலத்தைவிடப் பொருத்தமான காலம் சென்னையில் இல்லை. வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி மழை தொடங்குகிறது. ஐப்பசியிலேயே முதல் தொகுதியை வைத்துவிட்டால், பிழைக்காதவற்றுக்கு ஈடாகக் கார்த்திகையில் மறுபடியும் வெட்டிவரத் தாய்ச்செடி நின்றுகொண்டிருக்கும். உங்களுக்கு வேண்டியதைப் போல மூன்று மடங்காவது வையுங்கள். தாய்ச்செடியே இல்லாமல் போகப்போகும் நிலையில் குறைவாக வைப்பது சரியாகாது.

தண்டைத் தேர்வதில்தான் பெரும்பாலும் வெற்றி இருக்கிறது. உச்சியில் பூத்துக்கொண்டிருக்கும் மெல்லிய கிளையையும், பல ஆண்டுகள் ஆகிப் பட்டை வெடித்த தடித்த கட்டையையும் விட்டுவிடுங்கள். செடியின் கீழ்ப்பகுதியிலிருந்து சென்ற ஓராண்டுக்குள் கிளம்பி, பச்சை மாறிப் பழுப்பேறி, பென்சில் பருமனுக்கு முதிர்ந்து, வளைத்தால் எளிதில் வளையாத கிளையே ஏற்றது. வயதான செடியானாலும் அடியிலிருந்து வரும் கிளைகள் உச்சிக் கிளைகளைவிட எளிதாக வேர்விடும். காலையில், செடியில் நீர் நிறைந்திருக்கும்போது வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

ஒவ்வொரு தண்டும் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமும் குறைந்தது நான்கு கணுக்களும் கொண்டிருக்கட்டும். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேற்பக்கம் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நட்டுவிடும் வாய்ப்பு இல்லை. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி தண்டுக்குள் நுனியிலிருந்து அடியை நோக்கியே செல்வதால், வேர் அடிமுனையில்தான் கிளம்பும். தலைகீழாக வைத்த தண்டு பெரும்பாலும் வீணாகும். மழுங்கிய கத்தரியால் நசுக்காதீர்கள், ஏனெனில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் உள்ள கேம்பியம் என்ற வளர்திசுவும் அதை ஒட்டிய பகுதியும் சிதைந்தால் அங்கே வேர் உருவாவதற்குப் பதிலாக அழுகல் தொடங்கும். அடியில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு பக்கப் பட்டையை மட்டும் லேசாகச் சீவிவிடுவது நல்லது. இரண்டு கணுக்கள் மண்ணுக்குள்ளும் இரண்டு வெளியிலும் இருக்கும்படி நட்டு, மேல்வெட்டில் முருங்கைப் போத்துக்குச் செய்வதைப் போலச் சாணத்தை அப்பிவிடுங்கள். சாணம் கிடைக்காவிட்டால் உருக்கி ஆறிவரும் மெழுகு போதும்.

செவ்வரளியை வெட்டும்போது கையுறை அணியுங்கள். அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. கழித்த கிளைகளை எரிக்கவும் கூடாது, ஆடுமாடு மேயும் இடத்தில் போடவும் கூடாது.

பதில்: உப்புக்காற்று, எண்ணூர்

மேலே சொன்னவை அனைத்தையும் சரியாகச் செய்தாலும், உப்பு நீரை ஊற்றினால் தண்டு வேர்விடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வேரற்ற தண்டு அடிவெட்டின் வழியாகவே நீரை உறிஞ்சுகிறது. மண்ணில் உப்பு ஏற ஏற அந்த உறிஞ்சுதல் கடினமாகிறது. மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டுவரும் செய்தி. கடலோரத்தில் வசிக்கும் நாம் கிணற்று நீரை நம்பிப் போத்து வைக்க முடியாது. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிக்குப் பயன்படுத்தும், நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் ஒருமுறை அளந்து பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை விரும்பத்தக்கதாகக் கூறும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். போத்துகளுக்கு அதைத் தாண்டாத நீரையே நான் பயன்படுத்துவேன். ஐப்பசி, கார்த்திகை மழைநீரை மூடியுள்ள டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டால் போத்து நட்ட சில பைகளுக்கு அது தாராளமாகப் போதும். ஏசியிலிருந்து சொட்டும் நீரிலும் உப்பு மிகக் குறைவு. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

நடும் கலவையிலும் இதே கவனம் தேவை. கடற்கரை மணலை எவ்வளவு கழுவினாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. கட்டுமானத்துக்கு வாங்கும் எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) சலித்து, கழுவும் நீர் தெளியும்வரை அலசி, அதில் உள்ள மாவு போன்ற தூளை அகற்றிவிட்டுப் பயன்படுத்தலாம். அந்தத் தூள் தங்கினால் சிமென்ட் போல இறுகிக் காற்றோட்டத்தை அடைத்துவிடும். தென்னைநார்க் கழிவிலும் உப்பு இருக்கும் என்பதால் நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிவதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். இவ்விரண்டையும் சமமாகக் கலந்தால் போதும். தொழுவுரமும் மண்புழு உரமும் இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

பதில்: நிழல்வலை, பெரம்பூர்

போத்துக்காரர் ஐயாவின் விளக்கம் செம்பருத்தி, அரளி, மருதாணி, காகிதப்பூ ஆகிய நான்குக்கும் முழுமையாகப் பொருந்தும். நந்தியாவட்டைக்கு மட்டும் நான் வேறுபடுகிறேன். நன்கு முற்றிய கட்டையைவிட, அடிப்பகுதி பழுப்பேறி நுனி இன்னும் பச்சையாக இருக்கும் பாதி முதிர்ந்த கிளையே அதில் எளிதாக வேர்விடும். வெட்டியதும் வடியும் பாலை நீரில் கழுவி, கீழ் இலைகளை நீக்கி, உச்சியில் இரண்டு இலைகளைப் பாதியாக நறுக்கி விட்டுவையுங்கள். அந்த இலைகள் உணவு தயாரித்து வேருக்கு உதவும். ஆனால் அவை வாடாதிருக்கப் பையை ஒளிபுகும் பாலிதீனால் கூடாரம்போல மூடியே ஆக வேண்டும். மூடிய பையின் மேல் நேர்வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும் என்பதால் பச்சை நிழல்வலையின் கீழோ, வடக்குப் பார்த்த சுவரோரத்திலோ வையுங்கள். மாடித்தளத்தின் சூடு நேராக ஏறாதபடி செங்கல்லின் மேல் நிறுத்துவதும், புயல் மழையில் பைக்குள் நீர் தேங்காதபடி துளைகளைச் சரிபார்ப்பதும் அவசியம்.

இந்த முறையோடு நின்றுவிடாமல், செம்பருத்தியிலும் காகிதப்பூவிலும் தாய்ச்செடியிலேயே ஓரிரண்டு விண்பதியங்கள் கட்டிவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். பட்டையை இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வளையமாக நீக்கி, ஈரமான நார்க்கழிவை வைத்துப் பாலிதீனால் இறுகக் கட்டினால், வேர்விடும்வரை தாய்ச்செடியே கிளைக்கு நீர் அளித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு உள்ள காலக்கெடுவைப் பார்க்கும்போது இது மிக முக்கியமான பாதுகாப்பு.

மறுகேள்வி: மாடிச்செடி, திருவொற்றியூர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செம்பருத்தியின் சில கிளைகளில் வெள்ளை மாவு படிந்திருக்கிறது. அந்தச் செடியிலிருந்து வெட்டலாமா? கடைகளில் விற்கும் வேர் ஊக்கித் தூள் உண்மையில் பயன் தருமா, அல்லது இளநீரில் ஊறவைத்தால் போதுமா?

பதில்: போத்துக்காரர், மாதவரம்

நந்தியாவட்டையைப் பற்றி நண்பர் கூறியது சரியானது; அதையே பின்பற்றுங்கள்.

வெள்ளை மாவு என்பது மாவுப்பூச்சியாகத்தான் இருக்க வேண்டும். 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி உட்பட, அதில் பல வகைகள் செம்பருத்தியைத் தாக்கும். பூச்சி இல்லாத கிளைகளிலிருந்தே வெட்டி, சோப்புக் கரைசலில் தோய்த்த மென்தூரிகையால் கணு இடுக்குகளைத் துடைத்து, நல்ல நீரில் அலசிய பிறகு நடுங்கள். அந்தப் பைகளை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லையெனில் மாடி முழுவதும் பரவிவிடும்.

தூள் பயன் தரும், குறிப்பாகக் காகிதப்பூவுக்கு. அதில் உள்ள இண்டோல் பியூட்ரிக் அமிலம் ஆக்சின் வகையைச் சேர்ந்தது. அடிவெட்டை நனைத்து, தூளில் தொட்டு, மிகுந்ததைத் தட்டிவிட்டு, குச்சியால் குழி போட்டு நட வேண்டும், நேராகச் செருகினால் தூள் வழிந்துவிடும். இளநீரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் சைட்டோகைனின் என்ற வேறொரு வளர்ச்சி ஊக்கி உண்டு. அது பெரும்பாலும் துளிரையே தூண்டும், உங்களுக்கோ துளிர் முந்துவதுதான் தொல்லை. அதில் உள்ள சர்க்கரையும் பூஞ்சையை வரவழைக்கும்.

செம்பருத்தியும் நந்தியாவட்டையும் ஒன்றரை மாதத்தில் வேர்விட்டுவிடும். காகிதப்பூவுக்கு அதைவிடக் கூடுதலாகும். அதற்குள் அசைத்துப் பார்க்காதீர்கள், ஏனெனில் காகிதப்பூவின் இளவேர் தொட்டாலே ஒடியும். பையின் துளை வழியே வேர்நுனி தெரிந்த பிறகு, பாலிதீனை ஒரேயடியாக எடுத்துவிடாமல் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் திறந்து, அதன்பின் மண்கட்டி உடையாமல் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். விண்பதியம் கட்டும் நாளிலேயே, எந்தக் கிளை எந்தச் செடியுடையது என்று பையில் அழியாத மையால் எழுதிவிடுங்கள்.