பிரெட்போர்டில் மினுக்குகிறது, கைகேடில் படுத்துக் கிடக்கிறது

தண்டையார்பேட்டை பையன்:
அண்ணன்மாரே, டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு எல்இடியை மாற்றி மாற்றி மினுக்க வைக்கும் சர்க்யூட் (அஸ்டேபிள் மல்டிவைப்ரேட்டர்) செய்தேன்: ரிச்சி தெருவில் வாங்கிவந்த பிசி547 டிரான்சிஸ்டர் இரண்டு, 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கு 47 கே ரெசிஸ்டர், சிவப்பு எல்இடியோடு 470 ஓம், 9 வோல்ட் பேட்டரி. எல்இடி மாற்றி மாற்றி அழகாக மினுக்குகிறது, சாமி படத்துக்கு மாட்டிவிடு என்கிறார் அம்மா. இதையே கைகேடில் (KiCad, கணினியில் சர்க்யூட் வரையும் மென்பொருள்) வரைந்து சிமுலேஷன் ஓட்டினால் இரண்டு டிரான்சிஸ்டரின் கலெக்டர் கால் வோல்டேஜும் பூஜ்யத்தை ஒட்டி ஒரே நேர்கோடு. கிரவுண்ட் இருக்கிறது, எரர் இல்லை. டிரான்சியன்ட் (நேரப்படி ஓட்டும் சிமுலேஷன்) 10 மில்லிசெகண்ட் வைத்தேன். நாளைக்கு ரெக்கார்டில் அலைவடிவம் ஒட்டியாக வேண்டும்.

ராயபுரம் ரெசிஸ்டர்:
10 மில்லிசெகண்டில் என்னப்பா தெரியும்? 1.38ஐ 47 கே, 10 மைக்ரோவோடு பெருக்கிப் பார், ஒரு சுற்றுக்கே 0.65 செகண்ட். 5 செகண்ட் கொடு. அப்புறம் ஒரு பேஸ் ரெசிஸ்டரை 46 கே ஆக்கு, இரண்டு பக்கமும் அச்சு அசலாக இருந்தால் எது முந்தும்?

தண்டையார்பேட்டை பையன்:
5 செகண்ட் கொடுத்தேன், 46 கே என்ன, 40 கே கூட வைத்துவிட்டேன். அதே கோடு.

வியாசர்பாடி சால்டர்:
தம்பி, ரெசிஸ்டரை விடு. கைகேடுக்குள் ஓடுவது என்ஜிஸ்பைஸ் என்ற சிமுலேட்டர். நேரத்தை ஓட்டுவதற்கு முன் அது டிசி நிலையை, அதாவது எல்லாம் அசையாமல் நிற்கும் ஆரம்ப நிலையைக் கணக்குப் போடும், அந்தக் கணக்கில் கெப்பாசிட்டர் அறுந்த வயர் மாதிரி, அதனால் இரண்டு டிரான்சிஸ்டருக்கும் 47 கே வழியாக பேஸ் கரண்ட் வந்து இரண்டும் முழுசாக ஆன் ஆகி சாச்சுரேஷனில் உட்கார்ந்துவிடும். அங்கே கெயின் (சின்ன மாற்றத்தைப் பெரிதாக்கும் திறன்) கிடையாது, 40 கே வைத்தாலும் அந்த வித்தியாசம் வளராது. பிரெட்போர்டில் பேட்டரியைச் செருகும்போது வோல்டேஜ் ஏறும் வழியில் கெயின் உள்ள ஆக்டிவ் பகுதியைக் கடந்தாக வேண்டும், அங்கேயே ஒன்று முந்திவிடும்.

ஒரு பேஸ் வயரில் பி2 என்று லேபிள் வை. ஷீட்டில் டெக்ஸ்டாக, புள்ளியில் தொடங்கும் ஐசி கட்டளை (.ic, ஆரம்ப வோல்டேஜைச் சொல்வது) எழுதி அந்த நோடுக்கு, அதாவது அந்த இணைப்புப் புள்ளிக்கு, மைனஸ் 5 வோல்ட் கொடு; அந்த டிரான்சிஸ்டர் ஆஃபில் தொடங்கும். லேபிள் பெயருக்கு முன்னால் சாய்கோடு முக்கியம், அது இல்லாமல் நான் ஒரு ராத்திரி முழுக்க முழித்திருக்கிறேன்.

தண்டையார்பேட்டை பையன்:
அண்ணா, ஓடிவிட்டது! ஆனால் சுற்று 0.65க்குக் கொஞ்சம் குறைவாக வருகிறதே?

ராயபுரம் ரெசிஸ்டர்:
கலெக்டர் 9 வரை ஏறாது, நடுவில் எல்இடி 2 வோல்ட் கிட்டச் சாப்பிடுகிறது. நான் சொன்ன ஃபார்முலா அதைப் பார்க்காது. 46 கே விஷயத்தில் நான் சொன்னது தப்பு, சால்டர் சொன்னதுதான் சரி.